முதலில் சோறு, பிறகு சக்கர நாற்காலியா?

நிவாரணம் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் ஒரு வாக்கியம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது: “முதலில் உயிர் பிழைக்கட்டும். சோறு, தண்ணீர், கூடாரம், மருந்து. ஊனமுற்றவர்களுக்கான உதவியெல்லாம் போர் ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” இதைச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கையில் இருக்கும் பணம் கொஞ்சம், கேட்கும் வாய்கள் ஏராளம் என்று தவிப்பவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். அதனாலேயே எதிர்த்துப் பேச ஆளில்லை. பேசியாக வேண்டும். காசாவிலும் லெபனான் முகாம்களிலும் வாழும் பாலஸ்தீன அகதிகளைப் பொறுத்தவரை இந்த வரிசைமுறை தப்பு. ஆளைச் சாகவிடும் தப்பு.

சோற்றைத்தானே முதலில் வைக்கிறார்கள்? நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். சோறு தானாக நடந்து கூடாரத்துக்கு வருவதில்லை. ஒருவர் எழுந்து போக வேண்டும், எங்கே கொடுக்கிறார்கள் என்று காதில் விழ வேண்டும், நிற்க வேண்டும், நெரிசலைத் தாங்க வேண்டும், 25 கிலோ மாவு மூட்டையைத் தோளில் ஏற்றித் திரும்ப வேண்டும். இத்தனையும் முடிந்தவருக்குத்தான் அந்த மூட்டை உணவு. முடியாதவருக்கு அது அடுத்தவர் தோளில் போகும் ஒரு பொதி.

2025 மே கடைசியில், அமெரிக்காவும் இஸ்ரேலும் ஆதரித்த ‘காசா மனிதாபிமான அறக்கட்டளை’ உணவு விநியோகத்தைக் கையில் எடுத்தது. அதுவரை ஐ.நா. அமைப்புகளின் ஏற்பாட்டில் சுமார் 400 விநியோக இடங்கள் இருந்தன. புதிய அமைப்பு திறந்தது நான்கே இடங்கள். மூன்று தெற்கே ராஃபா பக்கம், ஒன்று நடுவில் நெட்சாரிம் பாதைக்கு அருகே. வடக்கில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ள நிலம். மக்கள் இடிபாடுகளின் ஊடே, மணலில், பல கிலோமீட்டர் நடந்து போனார்கள். மே 27 முதல் ஜூலை கடைசி வரை உணவு தேடிப் போன இடத்தில் குறைந்தது 1,373 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் 859 பேர் இறந்தது இந்த நான்கு மையங்களின் சுற்றுவட்டாரத்தில். ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம் பழமொழி. பந்தியையும் படையையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் முந்துவதா பிந்துவதா? இரண்டு கால்களும் உள்ளவனே அங்கே தோற்றான். ஊன்றுகோலில் நடப்பவர் எந்தக் கணக்கில் வந்தார்? அவர் அந்த வரிசைக்கு வரவே இல்லை. வராதவரை எந்தப் பட்டியலும் எண்ணவில்லை.

அந்த அமைப்பு அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது அம்மணமாகக் காட்டிய ஒன்று எல்லா நிவாரணத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. திடகாத்திரமான ஓர் இளைஞனை மனதில் வைத்து ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதற்குப் ‘பொதுவான உதவி’ என்று பெயர் வைக்கிறோம். படிக்கட்டு வைத்த கழிப்பறை, ஒலிபெருக்கியில் மட்டும் சொல்லும் அறிவிப்பு, வந்து வாங்கிக்கொள்பவருக்கே பொருள் என்ற விதி. இவற்றை வகுத்தவர்கள் யாரையும் விலக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் விலக்கிவிட்டார்கள்.

“குடும்பத்தில் வேறு யாராவது போய் வாங்கிவரலாமே” என்பார்கள். யார் அந்த வேறு யாராவது? குண்டு விழுந்த வீட்டில் உடல் வலுவுள்ளவர் பிழைத்தார், முடியாதவர் இறந்தார் என்று கணக்கு ஒழுங்காக விழுவதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் தாயும் மூன்று சிறு பிள்ளைகளும் மிஞ்சிய கூடாரங்கள் உண்டு. நகர முடியாத தகப்பனைத் தனியே விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கூடாரம் இருக்குமா என்று தெரியாத மகள் உண்டு. அவளை வரிசைக்கு அனுப்பு என்று சொல்வது எளிது.

இப்போது ‘உயிர்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த வாதத்தின் பலமே அந்தச் சொல்தான். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். அவருக்கு வலி தெரியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொருவர் புரட்டிப் போட வேண்டும். அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை வேண்டும். சிறுநீர் போவதற்குக் குழாய் வேண்டும், அதைச் செருகும் கை சுத்தமாக இருக்க வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் படுக்கைப் புண் எலும்பு வரை இறங்கும். சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும். கிருமி ரத்தத்தில் கலக்கும். சாவு வரும். கூடாரத் துணியின் மேல், கடற்கரை மணலில், ஒரே குழாயைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் மனிதரிடம் போய் “உயிர்தான் முதலில், மெத்தை பிறகு” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு மெத்தைதான் உயிர். அவர் இறந்தால் குண்டுவீச்சில் இறந்தவர் பட்டியலிலும் இருக்க மாட்டார், பட்டினியில் இறந்தவர் பட்டியலிலும் இருக்க மாட்டார். தொற்று என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

தப்பி ஓடுவதும் உயிர் காக்கும் விஷயம்தான். 2023 அக்டோபர் 13 அன்று வடகாசாவில் இருந்த சுமார் 11 லட்சம் பேரும் 24 மணி நேரத்துக்குள் தெற்கே போய்விட வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு உத்தரவுகள் துண்டுப் பிரசுரமாக வானிலிருந்து விழுந்தன, தொலைபேசி அழைப்பாக வந்தன, எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த வரைபடமாக இணையத்தில் வந்தன. பிரசுரத்தைப் பார்வையற்றவர் படிக்க முடியாது. அழைப்பைக் காது கேளாதவர் கேட்க முடியாது. தனக்கு என்ன நடக்கிறது என்றே புரியாத, மனவளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளையை வெடிச்சத்தத்தின் நடுவே இழுத்துக்கொண்டு ஓடும் தாய்க்கு 24 மணி நேரம் என்பது எத்தனை மணி நேரம்? ஓடும்போது முதலில் விட்டுப்போவது கருவிகளைத்தான். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2025 செப்டம்பரில் சொன்னது: காசாவில் உள்ள மாற்றுத்திறனாளிகளில் 83 விழுக்காட்டினர் தங்கள் துணைக் கருவிகளை இழந்துவிட்டார்கள். கழுதை வண்டியில் ஏற முடியாத சக்கர நாற்காலி, இடிபாட்டில் புதைந்த செயற்கைக் கால், பேட்டரி கிடைக்காத காதுக் கருவி. மீதிப் பேரில் பலருக்கும் கருவி இருந்து பயனில்லை. தெற்கே மக்களைக் குவித்த அல்-மவாசி கடற்கரை மணல். சக்கரம் மணலில் உருளாது, புதையும்.

“சரி, பரிதாபம்தான். ஆனால் அவர்கள் சிறுபான்மை, பெரும்பான்மைக்கு முதலில் செய்வோம்” என்பது அடுத்த படி. எண்ணிக்கையைப் பார்ப்போம். போருக்கு முன்பே காசாவில் 58,000 மாற்றுத்திறனாளிகள் இருந்ததாகப் பாலஸ்தீனப் புள்ளியியல் அலுவலகம் சொன்னது. போரில் வாழ்க்கையையே மாற்றிவிடும் காயம் அடைந்தவர்கள் ஏறக்குறைய 42,000 பேர், அவர்களில் நான்கில் ஒருவர் குழந்தை, 5,000-க்கு மேற்பட்டோர் கை அல்லது காலை இழந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் மதிப்பிட்டது. சுமார் 21 லட்சம் பேர் வாழும் ஒரு துண்டு நிலத்தில், புதிதாக மட்டும் ஐம்பதில் ஒருவர். குறைந்தது 21,000 குழந்தைகள் போர் தொடங்கிய பிறகு ஊனமடைந்தவர்கள் என்றது மேலே சொன்ன ஐ.நா. குழு. குண்டு மட்டுமே காரணமும் இல்லை. 2024 ஆகஸ்டில், 25 ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த இளம்பிள்ளை வாதம் காசாவில் ஒரு பத்து மாதக் குழந்தையின் காலை முடக்கியது. சாக்கடைநீரைக் கூடாரங்களுக்கிடையே ஓடவிட்டதும் அதற்கு ஒரு காரணம். ஊனம் அங்கே ஓரத்தில் இருக்கும் தனி விவகாரமாக இல்லை. போர் உற்பத்தி செய்யும் முதன்மைப் பொருளே அதுதான்.

ஆனால் எனக்கு மிகுந்த கோபம் வருவது ‘பிறகு’ என்ற சொல்மேல்.

எந்தப் பிறகு? 1948-இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டோ தப்பியோடியோ அகதிகளானார்கள். அவர்களைக் கவனிக்க ஐ.நா. பொதுச்சபை 1949 டிசம்பரில் அன்ர்வா என்ற முகமையை உருவாக்கியது. 1950 மே 1 அன்று வேலையைத் தொடங்கிய அது ஒரு தற்காலிக ஏற்பாடு. அந்தத் தற்காலிகம் முக்கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இன்று அதன் பதிவேட்டில் ஏறக்குறைய 59 லட்சம் பேர். ஜோர்டான், லெபனான், சிரியா, மேற்குக்கரை, காசா என்று ஐந்து பகுதிகளில் 58 முகாம்கள். முகாமில் பிறந்து, முகாமில் முதுமையடைந்து, முகாமிலேயே புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் ‘அவசரகாலம் முடியட்டும்’ என்கிறோம்.

குண்டு விழாத ஆண்டுகளிலாவது அந்தப் ‘பிறகு’ வந்ததா என்று பெய்ரூட்டில் போய்ப் பார்க்கலாம். புர்ஜ் அல்-பராஜ்னே, ஷதீலா முகாம்கள் 1948-49-இல் கூடாரங்களாகத் தொடங்கியவை. மக்கள் பெருகினார்கள், முகாமின் எல்லை பெருகவில்லை. ஆகவே வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள், தலைக்கு மேலே தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் பின்னிக் கிடக்கும் பந்தல், செங்குத்தான ஒடுங்கிய படிகள். லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் வாழும் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் அந்த அறைதான் அவருக்கு உலகம். நான்கு பேர் தூக்கி இறக்கினால் மருத்துவமனை, இல்லாவிட்டால் இல்லை. அங்கே யாராவது சக்கர நாற்காலியை இலவசமாகக் கொடுத்தாலும் அது ஓடுவதற்குத் தெரு வேண்டும்.

சட்டமும் அவர்களைப் படியேற விடவில்லை. லெபனானில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக 2000-ஆம் ஆண்டின் 220-ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதன் அட்டையும் சலுகையும் லெபனான் குடிமக்களுக்கு. அங்கேயே பிறந்த பாலஸ்தீன அகதி குடிமகன் அல்லர். பல தொழில்களை அவர் செய்யக் கூடாது, 2001 முதல் வீடு நிலம் வாங்கிப் பதிவு செய்யவும் கூடாது. அகதி என்பதால் அரசு கைவிரிக்கிறது. ஊனமுற்றவர் என்பதால் நிவாரண அமைப்பு ‘அது சிறப்புத் தேவை’ என்று அடுத்த கதவைக் காட்டுகிறது. இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு முழு ஆயுள் போய்விடும்.

காசாவிலும் இது 2023-இல் தொடங்கிய கதை இல்லை. 2007 முதல் நீடிக்கும் முற்றுகையில், நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத காலங்களில், மின்சார நாற்காலிக்குச் சார்ஜ் ஏறவில்லை. அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: சைகை மொழியில் பேசுகிறவர்களுக்கு வெளிச்சம்தான் குரல். விளக்கு அணைந்த வீட்டில் காது கேளாத கணவனும் மனைவியும் இருட்டில் ஊமையாகிவிடுவார்கள். 2018-19 எல்லைப் போராட்டங்களின்போது சுடப்பட்டு 150-க்கு மேற்பட்டோர் கை காலை இழந்தார்கள். அப்போதும் ‘பிறகு’ என்றுதான் சொன்னோம்.

உடம்புக்கும் ஒரு காலக்கெடு உண்டு. முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்ட காலுக்கு முதல் சில வாரங்களிலேயே பயிற்சி கொடுக்காவிட்டால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். இறுகிய காலில் பிற்பாடு எவ்வளவு விலையுயர்ந்த செயற்கைக் காலைக் கொண்டுவந்தாலும் பொருந்தாது. குழந்தையென்றால் இன்னும் கொடுமை. எலும்பு வளர்ந்து தோலைக் குத்தும். மறுபடி அறுவை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை கால் மாற்ற வேண்டும். 2023-இல் ஐந்து வயதில் காலை இழந்த சிறுமிக்குப் பதினெட்டு வயது 2036-இல்தான் வரும். ஆண்டுக்கு ஒன்று என்றாலும் பதின்மூன்று கால்கள். ஆறு மாதத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கி, முடிவில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போகும் முறை இவளுக்கு என்ன செய்யும்? ஒரு காலைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அது வலிக்க ஆரம்பிக்கும்போது இருக்காது.

கருவிகள் உள்ளே வராததற்கு இன்னொரு நியாயம் சொல்லப்படுகிறது: பாதுகாப்பு. சக்கர நாற்காலி, நடைச்சட்டம், ஊன்றுகோல், செயற்கை உறுப்பு இவற்றையெல்லாம் இஸ்ரேல் அதிகாரிகள் போருக்கும் பயன்படக்கூடிய ‘இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்’ என்று கருதுவதாக ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு பதிவு செய்திருக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட நாட்டுக்குப் பயம் இருக்கிறது. எல்லையில் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும், ஊடுகதிர் வைத்துப் பார்க்கட்டும். சோதித்து அனுப்புவது பாதுகாப்பு. நடக்க முடியாதவனின் ஊன்றுகோலைத் தடுத்து வைப்பதற்கு வேறு பெயர்.

அன்ர்வாவையே இழுத்து மூடுவதுதான் தீர்வு என்பவர்களும் உண்டு. அதன் ஊழியர்கள் ஒன்பது பேர் அந்தத் தாக்குதலில் ஈடுபட்டிருக்கலாம் என்று ஐ.நா.வின் சொந்த விசாரணையே 2024 ஆகஸ்டில் கண்டது, வேலையிலிருந்து நீக்கியது. மறைக்க வேண்டிய செய்தி இல்லை அது. ஆனால் காசாவில் மட்டும் அப்போது அதற்குச் சுமார் 13,000 ஊழியர்கள். அவர்கள் ஆசிரியர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள். ஒன்பது பேருக்காக அத்தனை பேரின் வேலையையும் முடக்கும் சட்டங்களை இஸ்ரேல் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது என்று எழுபது ஆண்டுகளாக அந்த மக்களிடையே இருந்து அறிந்த அமைப்பு அது. புதிதாக வருகிறவருக்கு அந்தக் கதவு எண் தெரியாது.

இரக்கத்தோடு இதைப் பார்க்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உங்கள் இரக்கத்தில் ஊனமுற்ற அகதி எப்போதும் கை நீட்டிக்கொண்டே இருக்கிறார். காசாவில் அத்ஃபாலுனா என்ற காது கேளாதோர் அமைப்பு 1992-இல் தொடங்கியது. பள்ளிக்கூடம் நடத்தியது, கைத்தொழில் கற்றுக்கொடுத்தது, 2012-இல் காது கேளாதவர்களே சமைத்துப் பரிமாறும் உணவகத்தைத் திறந்தது. வாடிக்கையாளர்கள் சைகையில் சாப்பாடு கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த மனிதர்களுக்குத் தெரியாதா, விநியோக வரிசையை எப்படி அமைத்தால் காது கேளாதவருக்கும் சேரும் என்று? முகாமில் எங்கே சாய்தளம் போட வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில், அதில் ஏறப்போகிறவருக்கு ஒரு நாற்காலி போடுவதில்லை.

புதிதாக எதையும் கேட்கவில்லை. போர்க்காலத்திலும் பேரிடரிலும் மாற்றுத்திறனாளிகளைக் காப்பது அரசுகளின் கடமை என்று 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. இஸ்ரேல் 2012-இல் அதை ஏற்றது. பாலஸ்தீனம் 2014-இல் சேர்ந்தது. ஐ.நா. பாதுகாப்பு அவை 2019 ஜூனில் இதற்கென்றே 2475-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. முதல் நாளிலிருந்தே இவர்களைச் சேர்த்துக்கொண்டு நிவாரணம் செய்வது எப்படி என்று ஐ.நா. முகமைகளும் தொண்டு அமைப்புகளும் கூடி அதே ஆண்டு வழிகாட்டியும் எழுதிவைத்தன. முதல் நாளிலிருந்தே என்கிறது அந்த வழிகாட்டி. ‘பிறகு’ என்கிறது நடைமுறை.

2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. ‘பிறகு’ என்று சொன்னவர்களின் நாள் அது. அந்த மாதம் காசாவில் இருந்த நிலை இது: போருக்கு முன் 1,300 இயன்முறை மருத்துவர்களும் 400 தொழில்முறைச் சிகிச்சையாளர்களும் இருந்த இடத்தில், மறுவாழ்வுச் சேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இயங்கவில்லை. அவர்களில் குறைந்தது 42 பேர் கொல்லப்பட்டுவிட்டார்கள். சிகிச்சைக்காக வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் 15,000-க்கு மேல். கத்தார் பணத்தில் கட்டி 2019-இல் திறந்த மறுவாழ்வு மருத்துவமனை போரின் முதல் மாதங்களிலேயே பெரும் சேதம் அடைந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் காசாவுக்கோ வேறெந்த அகதி முகாமுக்கோ பணம் அனுப்புகிறவராக இருக்கலாம். தொடர்ந்து அனுப்புங்கள். கூடவே வாங்குகிற அமைப்பிடம் கேளுங்கள்: வரிசைக்கு வர முடியாதவரின் கூடாரத்துக்கு யார் போகிறார்கள்? உங்கள் பொருள் பட்டியலில் மெத்தை, சிறுநீர்க் குழாய், காதுக் கருவிக்கான பேட்டரி உண்டா? அந்தப் பட்டியலை எழுதியபோது மாற்றுத்திறனாளிகளான பாலஸ்தீனர்கள் பக்கத்தில் இருந்தார்களா? காலை இழந்த குழந்தைக்கு அடுத்த ஆண்டுக் காலுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? போர்நிறுத்தம் வந்த அந்த அக்டோபரில், கை காலை இழந்த 5,000-க்கு மேற்பட்டோருக்குச் செயற்கை உறுப்பு செய்து பொருத்தத் தெரிந்தவர்கள் காசாவில் எட்டே பேர் இருந்தார்கள்.